தையில் கைக்கு வரும்

மேலக்குப்பம், புத்தூர் மண்டலம்
12.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கோவர்த்தனன் நமஸ்காரம். நானும் வரலட்சுமியும் சௌக்கியம். பெங்களூரில் நம் பையன் ஹேமநாத்தும் வேளைக்குச் சாப்பிடுவதாகச் சொல்கிறான், நம்பித்தான் ஆக வேண்டும். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று திட்டுவாய். என் போனை யாராவது எடுத்துப் பேசிவிடுகிறார்கள். உன் போனை மாப்பிள்ளை மோகன்ராஜ் வரும்போதெல்லாம் தடவிப் பார்ப்பதாக நீயே சொன்னாய். நம் பிள்ளைகள் எல்லாரும் தெலுங்கும் இங்கிலீஷும் படித்தவர்கள். இந்தத் தமிழ் எழுத்தை உன்னையும் என்னையும் தவிர இரண்டு வீட்டிலும் யாரும் படிக்க மாட்டார்கள். இதைவிடப் பத்திரமான பூட்டு எங்கே கிடைக்கும்?

விஷயத்துக்கு வருகிறேன். ரோட்டுக்கு எடுத்த நிலத்துக்குப் பணம் வந்துவிட்டது. உன் கல்யாணத்தில் மஞ்சள் குங்குமத்துக்கென்று நைனா வாயால் கொடுத்த ஒரு ஏக்கர் மாந்தோப்புக்கும் சேர்த்துத்தான். நிலத்துப் பட்டா பாஸ்புக் என் பேரில் இருப்பதால் எல்லாம் என் கணக்கில் விழுந்திருக்கிறது. உன் பங்கு இருபத்தெட்டு லட்சம்.

அக்கா, இனி நமக்கு மரமும் இல்லை, மண்ணும் இல்லை, இந்தப் பணம்தான். நோட்டு செல்லாது என்று சொன்ன அன்று நீ அரிசி டின்னைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. அதனால் யோசித்து வைத்திருக்கிறேன். பாதி பாங்கில் டெபாசிட். கால் பங்கு தபால் ஆபீஸ். கால் பங்கு தங்கம், லாக்கரில். எல்லாம் உன் பேரில். ஆதார், பான் கார்டு நகல் இரண்டையும் அனுப்பு. ஹேமநாத் போன வாரம் வந்தபோது என் போனில் பாங்க் ஆப் போட்டுக் கொடுத்துவிட்டான், இனி பாங்குக்கு அலைய வேண்டியதில்லை.

காவ்யாவையும் பேத்தியையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி
கோவர்த்தனன்


கட்டமஞ்சி, சித்தூர்
26.2.2024

தம்பி கோவர்த்தனனுக்கு,

அக்கா ஸ்வர்ணலதா ஆசீர்வாதம். சர்க்கரை அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். வரலட்சுமியின் முட்டிவலிக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்.

பணம் வந்ததில் சந்தோஷம். ஆனால் என் பேரில் ஒன்றும் வேண்டாம். என் பேரில் ஒரு ரூபாய் இருந்தாலும் அது மோகன்ராஜுக்குத் தெரிந்துவிடும். திருமலைக்கு யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு கார் இருக்கிறது, இன்னொன்று வாங்க வேண்டுமாம். காவ்யாவின் நகை எல்லாம் முதல் காரிலேயே போய்விட்டது. இந்தப் பணம் காவ்யாவுடையது. அவள் கணவனுடையது இல்லை. அவளுக்கு எப்போது தேவையோ அப்போது கொடுப்பேன். அதுவரை உன் பேரிலேயே இருக்கட்டும்.

நீ உடனே, "அப்படியானால் ஒரு பத்திரத்திலாவது எழுதி வைக்கலாம்" என்பாய். எழுதினால் என்னை அக்கா என்று கூப்பிடாதே. நைனா வாயால் சொன்ன சொல்லுக்கு முப்பத்தைந்து வருஷம் தவறாமல் மாங்காய்ப் பணம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாய். இப்போது நீயும் நானும் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டோமா? ஊரில் கேட்டால் சிரிப்பார்கள்.

காவ்யா போன வாரம் வந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

அக்கா
ஸ்வர்ணலதா


மேலக்குப்பம்
15.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். எல்லாரும் நலம். வரலட்சுமிக்கு எண்ணெய் தேய்த்துப் பார்த்தோம், எண்ணெய் செலவானதுதான் மிச்சம்.

உன் பிடிவாதத்துக்கு நைனாவே தோற்றார், நான் எம்மாத்திரம். நீ சொன்னபடி என் பேரிலேயே மூன்றாகப் பிரித்துப் போட்டுவிட்டேன். நகைக்கடையில் காசுகளாக வாங்கினேன், செய்கூலி மிச்சம். பாங்க் மேனேஜர், "பெரியவரே, நீங்க எங்களுக்கே க்ளாஸ் எடுப்பீங்க போலிருக்கே" என்றார். பொய் சொல்லவில்லை, வரலட்சுமி பக்கத்தில்தான் இருந்தாள், கேட்டுக்கொள்.

வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரொக்கமாக மாங்காய் மண்டி சலீமிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் வாரா வாரம் சித்தூர் ஃபேக்டரிக்கு லோடு கொண்டு வருகிறார். உன் கணக்கில் போட்டால் போனில் மெசேஜ் வரும். மருமகன் கண்ணில் படும்.

காவ்யா ஏன் இளைத்தாள்? டாக்டரிடம் காட்டினாயா?

தம்பி
கோவர்த்தனன்


சித்தூர்
20.6.2024

தம்பிக்கு,

ஆசீர்வாதம். உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. சலீம் வந்தார், பணம் கொடுத்தார், கூடவே ஒரு கூடை பெங்களூரா மாங்காயும் இறக்கி வைத்தார். இது யார் தோட்டத்து மாங்காய் என்று கேட்டேன். நம் தோப்பில் புல்டோசர் ஓடுகிறது என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காவ்யா பத்து நாள் வந்து இருந்தாள். டாக்டரிடம் காட்டும்படி ஒன்றும் இல்லை. நாலாம் நாளே மோகன்ராஜ் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டான். வீட்டு ஓனர் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். எனக்கு வரும் பென்ஷனுக்கு இந்த ஒற்றை அறையே அதிகம்.

டெபாசிட்டை அவசரத்துக்கு நடுவில் எடுக்க முடியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


மேலக்குப்பம்
4.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். இங்கே மழை இல்லை, மற்றபடி நலம். நடுவில் எடுக்கலாம், ஆனால் வட்டி குறையும். பணம் போட்ட மூன்றாம் மாதமே அதைத் தோண்டிப் பார்க்கிறவர்கள் கையில் எந்தக் காலத்திலும் பணம் தங்காது. விலைவாசி ஏறுகிற வேகத்தில் வட்டிதான் நமக்குத் துணை. ஐந்து வருஷம் அதைக் கண்ணால் பார்க்காதே. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் தணியும்.

ஹேமநாத் வேலை செய்த கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்டான். சும்மா இருக்கவில்லை, போனிலேயே ஷேர் வாங்கி விற்கிறான். காலை ஒன்பதேகாலுக்கு உட்கார்ந்தால் மூன்றரைக்குத்தான் தலையைத் தூக்குகிறான். ஒரே நாளில் என் ஒரு மாதச் செலவைச் சம்பாதித்துக் காட்டினான். "நைனா, உன் டெபாசிட்டெல்லாம் பழைய காலம்" என்று என்னைக் கிண்டல் செய்கிறான். செய்யட்டும்.

தம்பி
கோவர்த்தனன்


சித்தூர்
11.11.2024

தம்பி கோவர்த்தனனுக்கு,

ஆசீர்வாதம். நீயும் வரலட்சுமியும் நலமா? ஹேமநாத்துக்கு வேலை கிடைத்ததா? தீபாவளிக்கு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

எனக்கு ஐந்து லட்சம் வேண்டும். தைக்குள் வேண்டும். வட்டி குறைந்தால் குறையட்டும். இங்கே ஒரு தனி வீடு பார்த்திருக்கிறேன், கேட் போட்ட வீடு, அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். காவ்யா லேப் டெக்னீஷியனுக்குப் படித்தவள்தானே, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சம்பளம் வரும்வரை ஓட்ட வேண்டும். பேத்தியைப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். வக்கீலுக்கும் கொஞ்சம்.

ஏன் என்று கேட்காதே.

பணம் இருப்பதைக் காவ்யாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அன்றைக்கு அவள் இருந்த இருப்பில் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "எனக்காம்மா? எனக்கே எனக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். எவ்வளவு நாளாகிவிட்டது தெரியுமா அவள் வயிறார உண்டு?

அக்கா
ஸ்வர்ணலதா


மேலக்குப்பம்
29.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நலம். பனி அதிகம், இருமல் விடவில்லை, அதனால்தான் தாமதம்.

பாங்கில் மேனேஜர் மாறிவிட்டார். டெபாசிட்டை எடுக்க ஹைதராபாத் ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டுமாம். நடையாய் நடந்துகொண்டிருக்கிறேன். வட்டியைச் சலீமிடம் கொடுத்திருக்கிறேன்.

மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்.

கோவர்த்தனன்


சித்தூர்
16.2.2025

தம்பிக்கு,

ஆசீர்வாதம். என் உடம்பைப் பற்றி இப்போது பேச்சு வேண்டாம், உன் உடம்பைச் சொல். என்ன மறைக்கிறாய்? பணத்தைப் பற்றி மூன்று பக்கம் பாடம் நடத்துகிற என் தம்பி எங்கே? அரைப் பக்கம் எழுதி, கீழே "தம்பி" என்றுகூடப் போடாமல் முடித்திருக்கிறாய். அந்த இருமல் வெறும் இருமல்தானா? திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு. உனக்கு ஏதாவது என்றால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

செலவு என்றால் என் பங்கிலிருந்து எடுத்துக்கொள். காவ்யாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பார்த்த வீடு கைவிட்டுப் போனது. வேறு பார்க்கலாம்.

அக்கா


மேலக்குப்பம்
2.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உகாதி நமஸ்காரம். வேப்பம்பூப் பச்சடியை வரலட்சுமி செய்தாள், நான் சாப்பிட்டேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. நோய் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது, அதை விடு.

உன் பங்கிலிருந்து எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது.

டெபாசிட் வருகிற தையில் கைக்கு வரும். அதுவரை பொறு. காவ்யாவையும் பொறுக்கச் சொல்.

தம்பி
கோவர்த்தனன்


சித்தூர்
8.9.2025

கோவர்த்தனா,

நான் இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

போன வியாழக்கிழமை விடிவதற்கு முன்னால் காவ்யா திருப்பதியிலிருந்து வந்து என் வாசலில் நின்றாள். வலது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. பேத்தியைக் கூட்டிவர அவன் விடவில்லை. இத்தனை நாள் உனக்கு எழுதாததை இப்போது எழுதுகிறேன். அவள் இளைக்கவில்லை, அடி வாங்கினாள். கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து வாங்குகிறாள். உன்னிடம் சொன்னால் அரிவாளை எடுத்துக்கொண்டு போவாய் என்று பயந்தேன். என் பெண்ணின் மானம் மேலக்குப்பம் வரைக்கும் போக வேண்டாம் என்றும் நினைத்தேன். மானத்தைக் காப்பாற்றி என்ன கண்டேன்?

கட்டுப்போட அவளைப் புத்தூர் எலும்புக்கட்டு வைத்தியரிடம்தான் கூட்டிவந்தேன். உன் வீட்டுக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். முதலில் கட்டு, அப்புறம் உன் வீடு, உன்னைக் கையோடு பாங்குக்கு இழுத்துப் போவது என்று முடிவு செய்திருந்தேன். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். சலீம் தன் ஆள் ஒருவனுக்குக் கால் பிசகி அங்கே வந்திருந்தார்.

"இன்னாம்மா, இங்க கீறீங்க?" என்றார். சொன்னேன். தம்பியிடம் பணம் வாங்கத்தான் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"யம்மா, நீங்க அங்க போவாதீங்க. அவரு உங்களப் பாத்தா உசுர உட்ருவாரு. பணம் ஏதும்மா அங்க? புள்ள போன்லயே டெபாசிட்ட ஒடச்சி, ஷேர்ல வச்சி, எல்லாம் போயிடுச்சி. அதுக்கு மேல கடன வேற வாங்கி வச்சிக்கினு இருந்தான். போன ஐப்பசில கடன்காரனுங்க நாலு பேரு கார்ல வந்து அவன இழுத்துக்கினு போவப் பாத்தானுங்க. உங்க தம்பிதான் தபால் ஆபீஸ் பணம், தங்கம், பசுமாடு எல்லாத்தையும் குடுத்து அனுப்சாரு."

அப்படியானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கு வருகிற வட்டி எது என்று கேட்டேன்.

"வட்டி இல்லம்மா அது. என் மண்டில எடைக்கு நிக்கிறாரே, அந்தக் கூலி. சொல்லாதன்னு என் கைய புடிச்சிக்கினு அழுதாரு. நானும் இத்தினி நாளு வாய மூடிக்கினு இருந்தேன். அல்லா என்ன மன்னிக்கட்டும்."

கோவர்த்தனா, பையன் பாங்குப் பணத்தை எடுத்ததை நான் திருட்டு என்பேன், அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை. ஆனால் தங்கத்தை நீ எடுத்தாய். உன் பிள்ளையைக் காரில் ஏற்ற வந்தார்கள், அவனை மீட்க என் பிள்ளையை விலையாகக் கொடுத்தாய். அந்த நேரத்தில் நான் உன் வாசலில் நின்றிருந்தால் நானே கொடு என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் நீ என்னைக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. எழுதி வைக்கலாம் என்று நீ சொல்ல வரும் முன்பே வாயை அடைத்தவள் நான். அதற்காக யாரிடம் போய் அழுவேன்?

கட்டு முடிந்து காவ்யா வந்தாள். கட்டில் வைத்த முட்டையும் பச்சிலையும் தோள்வரை மணத்தன. "வாம்மா, மாமா ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல். பணம் இல்லை என்று அந்த இடத்தில் அவளிடம் எப்படிச் சொல்வேன்? குழந்தை அங்கே இருக்கிறது. என் வீட்டு ஓனர் அவளை நிற்க விட மாட்டார். என்னிடம் வழியில் வாங்கிய காபிக்குப் போகப் பஸ் காசுதான் இருந்தது. மாமா ஊரில் இல்லை என்றேன். டெபாசிட் தையில் கைக்கு வரும், அதுவரைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றேன். நீ எனக்கு எழுதியதை அப்படியே அவளுக்குச் சொன்னேன்.

அவள் சரிம்மா என்றாள். புத்தூர் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏற முடியவில்லை, பின்னாலிருந்து தள்ளினேன். என் பெண்ணை அந்த வீட்டுக்கு இந்தக் கையாலேயே தள்ளி அனுப்பினேன்.

இனி வட்டி என்று எனக்கு எதுவும் அனுப்பாதே.

ஸ்வர்ணலதா


மேலக்குப்பம்
19.10.2025

அக்காவுக்கு,

நமஸ்காரம் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை, வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. வரலட்சுமி இருக்கிறாள். ஹேமநாத் நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் போகிறான், நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நீ எழுதியது எல்லாம் நிஜம். தங்கத்தை நான்தான் எடுத்தேன். எடுக்கும்போது அது உன்னுடையது என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

நேற்று திருப்பதிக்குப் போனேன். தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ள ஒரு தடவையாவது அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும், காவ்யாவையும் குழந்தையையும் கையோடு கூட்டிவர வேண்டும், மண்டிக் கூலியில் நாலு பேரும் கஞ்சி குடிக்கலாம் என்று நினைத்துத்தான் போனேன். அவளிடம் உண்மையைச் சொல்லி, காலில் விழவும் தயாராக இருந்தேன். மோகன்ராஜ் சவாரிக்குப் போயிருந்தான்.

காவ்யா கதவைத் திறந்தாள். கையில் கட்டு இன்னும் இருக்கிறது. கன்னத்தில் புதிதாக ஒரு காயம் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படி எழுதுவேன் அக்கா. உட்கார வைத்து, இடது கையாலேயே காபி போட்டுக் கொடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, நீ கீறதாலதான் நான் கீறேன். அம்மா எல்லாம் சொல்லிச்சி. அந்தாளு அடிக்கறப்போ எல்லாம் நான் பணத்த நெனச்சிப்பேன். தை வரட்டும், தை வரட்டும்னு சொல்லிக்கினே இருப்பேன். வலி கொஞ்சம் கொறையும்."

நான் காபியைக் குடித்தேன்.

"பத்திரமா கீதுல்ல மாமா?"

அக்கா, நான் வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். குழந்தை உள்ளேயிருந்து ஓடிவந்து அவள் மடியில் ஏறியது. காவ்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரமா கீது கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

"தையில எத்தினியாந்தேதி மாமா?"

நான் ஒரு தேதி சொன்னேன். இந்த வருஷத்துக் காலண்டரில் வருகிற தை இல்லை. அவள் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து, கடைசித் தாளுக்குப் பின்னால் இடது கையால் அந்தத் தேதியை எழுதி, யார் கண்ணிலும் படாதபடி திருப்பி மாட்டினாள்.

கோவர்த்தனன்